சுண்டெலிக்கு ஒரு டச் ஸ்கிரீன்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் இருந்திருக்கும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஒரு பக்கம் ஓடும். நம் கண் அதை வேறு பக்கம் தேடும். டபுள் கிளிக் செய்யச் சொன்னால் இரண்டு கிளிக்குகளுக்கும் நடுவில் ஒரு காபி குடித்துவிடலாம் போல இடைவெளி விழும். நாம் மவுஸைப் பிடிக்கவே இப்படிப் பாடுபடும்போது, நிஜமான சுண்டெலி ஒன்று கம்ப்யூட்டர் முன் நின்று, ஸ்கிரீனில் தெரியும் இரண்டு படங்களில் சரியானதைத் தொட்டு, பரிசும் வாங்கிக் கொண்டு போகிறது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பஸ்ஸியும் அவருடைய குழுவினரும் எலிகளை டச் ஸ்கிரீனில் பதில் சொல்ல வைக்கும் முறையை 1994-ல் வெளியிட்டார்கள். பிறகு பஸ்ஸியும் லிசா சக்ஸிடாவும் அதைச் சுண்டெலிகளுக்கும் ஏற்றபடி வளர்த்தெடுத்தார்கள். மறதி நோய், மனச்சிதைவு போன்றவற்றை ஆராயும் பல நாட்டுச் சோதனைக் கூடங்களில் இன்று இந்தப் பெட்டிகள் இருக்கின்றன.

இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு அப்படித் திருப்ப மனம் வரவில்லை. ஒரு சுண்டெலிக்கு அவர்கள் காட்டும் பொறுமையையும் நியாயத்தையும் என்னைப் போன்றவர்கள் உங்களுக்குக் காட்டுவதில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வெளிச் சத்தம் உள்ளே வராதபடி செய்த ஒரு பெட்டி. அதற்குள் சுண்டெலி நடமாட ஒரு சிறிய அறை. மேலிருந்து பார்த்தால் அது சரிவக வடிவில் இருக்கும். அகலமான பக்கத்தில் டச் ஸ்கிரீன். எதிரே குறுகலான பக்கத்தில் பரிசு வந்து சேரும் சிறு கிண்ணம். விலங்கின் கவனம் ஸ்கிரீன் பக்கம் போக வேண்டும் என்பதற்காகவே இந்த வடிவம். ஸ்கிரீனுக்கு முன்னால் ஜன்னல்கள் வெட்டிய ஒரு கறுப்புத் தகடு இருக்கும். படங்கள் அந்த ஜன்னல்களில் மட்டும் தெரியும். வாலோ உடம்போ உரசி, தொட்டதாகத் தவறாகக் கணக்கில் ஏறிவிடாமல் இருக்கவும் தகடு உதவுகிறது.

டச் ஸ்கிரீன் என்றதும் உங்கள் செல்போன் ஞாபகத்துக்கு வரும். செல்போனில் உள்ளது விரலின் மின்தன்மையை உணரும் வகை. அழுத்தினால்தான் வேலை செய்யும் இன்னொரு வகையும் உண்டு. சுண்டெலியின் எடையே 20, 30 கிராம்தான். அது மூக்கு நுனியால் எவ்வளவு அழுத்திவிட முடியும்? ஆகவே இந்தப் பெட்டிகளுக்கு இன்ப்ரா ரெட் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் ஸ்கிரீனுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மூக்கு அவற்றில் குறுக்கிட்டால் போதும், எந்த இடம் என்பதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். இது பழைய தொழில்நுட்பம்தான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1972-ல் வந்த பிளேட்டோ 4 என்ற கல்விக் கம்ப்யூட்டரில் மாணவர்கள் இதே வழியில்தான் ஸ்கிரீனைத் தொட்டுப் பதில் சொன்னார்கள்.

சரி, பரிசு என்ன? எலிக்குப் பெரும்பாலும் சிறு தீவன உருண்டை. சுண்டெலிக்கு ஸ்ட்ராபெரி மில்க் ஷேக், ஒரு சிறு துளி!

பாடம் நடத்தும் முறை

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் நாளே சுண்டெலியை உட்கார வைத்து, "சரியான படத்தைத் தொடு" என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

முதல் கட்டத்தில் ஒன்றுமே செய்ய வேண்டாம். பெட்டி பழக வேண்டும். கிண்ணத்தில் மில்க் ஷேக் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த கட்டத்தில் ஸ்கிரீனில் ஒரு படம் வரும். தொடாவிட்டாலும் சிறிது நேரத்தில் படம் மறைந்து, ஒரு ஒலி கேட்டு, கிண்ணத்தில் விளக்கு எரிந்து பரிசு வரும். தற்செயலாகத் தொட்டுவிட்டால் 3 மடங்கு பரிசு உடனே கிடைக்கும்.

மூன்றாவது கட்டத்தில் தொட்டால்தான் பரிசு. நான்காவதில், "நான் தயார்" என்று சொல்வது போலக் கிண்ணத்துக்குள் மூக்கை நீட்டினால்தான் அடுத்த படமே வரும். ஐந்தாவது கட்டத்தில்தான் தவறு என்ற ஒன்றே அறிமுகமாகிறது. படம் இல்லாத ஜன்னலைத் தொட்டால் பெட்டியின் விளக்கு நிலை மாறும். 5 விநாடி காத்திருக்க வேண்டும். அதிர்ச்சி கொடுப்பது, விரட்டுவது எதுவும் கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் உண்மையான பரீட்சை. இரண்டு படங்கள் வரும். ஒன்று சரி, ஒன்று தவறு. தவறானதைத் தொட்டால் அதே கேள்வி அதே அமைப்பில் மீண்டும் வரும், சரியாகச் சொல்லும் வரை. இந்தத் திருத்தக் கேள்விகள் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 60 நிமிடம், 30 கேள்விகள். தொடர்ந்து இரண்டு நாள் 30-க்கு 24 சரியாக இருந்தால், அதாவது 80 சதவீதம் வந்தால், சுண்டெலி பாடத்தைக் கற்றுக்கொண்டது என்று பொருள்.

ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக ஒரே ஒரு விஷயம்தான் சேர்கிறது என்பதைக் கவனித்தீர்களா? முந்தைய பாடம் கைவந்த பிறகுதான் அடுத்த பாடம் தொடங்குகிறது. ஒரு புதிய சாப்ட்வேரைத் திறந்ததும் உங்கள் முன் வந்து விழும் ஐம்பது பட்டன்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

எதற்காக இவ்வளவு சிரமம்?

எலியின் நினைவாற்றலைச் சோதிக்க வேறு வழிகளே இல்லையா? இருக்கின்றன. 1981-ல் ரிச்சர்ட் மோரிஸ் வெளியிட்ட தண்ணீர்த் தொட்டிச் சோதனை மிகவும் பிரபலம். பால் கலந்து கலங்கலாக்கிய தண்ணீரில் எலியை விடுவார்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் மேடையை அது நீந்திக் கண்டுபிடிக்க வேண்டும். எலி நன்றாக நீந்தும். சுண்டெலிக்கோ தண்ணீர் என்றால் பெரும் கலக்கம். சில நேரங்களில் நீந்தாமல் சும்மா மிதந்து கொண்டிருக்கும். அப்போது நாம் அளப்பது நினைவாற்றலையா, பயத்தையா?

இன்னொரு சிக்கல், சோதிக்கும் மனிதர். 1999-ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் போர்ட்லாந்து, ஆல்பனி, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களின் கூடங்களில் ஒரே இனச் சுண்டெலிகள், ஒரே மாதிரிக் கருவிகள், ஒரே மாதிரி நேர அட்டவணை என்று முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துச் சோதித்தார்கள். அப்படியும் சில சோதனைகளில் முடிவுகள் ஊருக்கு ஊர் மாறின. எட்மன்டனில் சோதனை செய்தவருக்குச் சுண்டெலி என்றால் ஒவ்வாமை; சுவாசக் கவசம் அணிந்தே வேலை செய்தார். அதுகூட வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 2014-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் இன்னொன்றைக் காட்டினார்கள். சோதிப்பவர் ஆணாக இருந்தால், ஏன், ஓர் ஆண் அணிந்த பனியன் பக்கத்தில் கிடந்தாலே, அந்த வாசனையில் சுண்டெலிகளுக்கு மன அழுத்தம் கூடி, வலியை வெளிக்காட்டுவது குறைந்துவிட்டதாம்!

டச் ஸ்கிரீன் பெட்டியில் கதவு மூடியதும் மனிதர் விலகிவிடுகிறார். படம் காட்டுவது, நேரம் அளப்பது, பரிசு கொடுப்பது, குறித்து வைப்பது எல்லாம் கம்ப்யூட்டர். ஒரே சமயத்தில் பல பெட்டிகளை நடத்தும். திங்கட்கிழமைக் கோபம், மாலை நேரச் சோர்வு எதுவும் அதற்கு இல்லை.

இருவருக்கும் ஒரே கேள்வித்தாள்

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. கேம்பிரிட்ஜில் 1980-களிலேயே மனிதர்களுக்காக கான்டாப் என்ற டச் ஸ்கிரீன் சோதனைத் தொகுப்பை உருவாக்கியிருந்தார்கள். அதில் ஒரு சோதனையில் ஸ்கிரீனில் உள்ள பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே இருக்கும் வடிவங்களைக் காட்டி மூடிக் கொள்ளும். பிறகு நடுவில் ஒரு வடிவம் தோன்றும். அது எந்தப் பெட்டியில் இருந்தது என்று தொட்டுக் காட்ட வேண்டும். எது, எங்கே என்ற இரண்டையும் சேர்த்து நினைவில் வைக்கும் இந்தத் திறமை அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே தடுமாறத் தொடங்குகிறது.

இதன் சுண்டெலிப் பதிப்பில் 3 படங்கள்: பூ, விமானம், சிலந்தி. பூவுக்கு உரிய இடம் இடது ஜன்னல், விமானத்துக்கு நடு ஜன்னல், சிலந்திக்கு வலது ஜன்னல். ஒவ்வொரு முறையும் இரண்டு படங்கள் வரும். ஒன்று தன் சொந்த இடத்தில் இருக்கும். மற்றது இடம் மாறி இருக்கும். சொந்த இடத்தில் இருப்பதைத் தொட வேண்டும்.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? சுண்டெலியிடம் வேலை செய்து மனிதரிடம் தோற்றுப்போன அல்சைமர் மருந்துகள் ஏராளம். அதற்குக் காரணங்கள் பல. சுண்டெலிக்கு ஒரு பரீட்சை, மனிதருக்குச் சம்பந்தமே இல்லாத வேறு பரீட்சை என்று வைத்ததும் அவற்றில் ஒன்று. நீச்சலில் முன்னேறிய சுண்டெலியைப் பார்த்து, வீட்டு வழியை மறந்த ஒரு தாத்தாவுக்கு மருந்து கொடுக்கலாமா என்று எப்படி முடிவு செய்வது?

ஒரே மாதிரிக் கேள்வித்தாள் கையில் இருந்தால் ஒப்பிட முடியும். 2011-ல், அல்சைமர் நோயின் கூறுகள் வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு டச் ஸ்கிரீனில் கவனச் சோதனை நடத்தினார்கள். அவை தடுமாறின. நோயாளிகளுக்கு உண்மையிலேயே தரப்படும் டோனெபெசில் மருந்தைக் கொடுத்தபோது தேறின. 2013-ல் டிஎல்ஜி2 என்ற ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிகளையும், அதே ஜீனில் கோளாறு உள்ள மிகச் சில மனிதர்களையும் ஒத்த டச் ஸ்கிரீன் சோதனைகளில் வைத்துப் பார்த்தார்கள். இருவரும் ஒரே வகைச் சோதனைகளில் தடுமாறினார்கள்.

தவறு யார் மீது?

சுண்டெலி தவறாகத் தொட்டால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? "ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிடலாம். இந்தத் துறையில் உள்ளவர்கள் அவ்வளவு சீக்கிரம் அப்படிச் சொல்வதில்லை. முதலில் தங்கள் சோதனையைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

படம் அதற்குத் தெரிந்ததா? மனிதக் கண்ணோடு ஒப்பிட்டால் சுண்டெலியின் பார்வைக் கூர்மை ஐம்பது மடங்குக்கும் மேல் குறைவு. அதனால் படங்கள் பெரிதாக, பளிச்சென்று இருக்க வேண்டும். சி3எச் போன்ற சில இனங்களில் பிறவிக் கோளாறால் குட்டிப் பருவத்திலேயே விழித்திரை அழிந்துவிடும். அவற்றுக்கு இந்தச் சோதனையே பொருந்தாது. படத்தில் ஒன்று இயல்பாகவே அதற்குப் பிடித்திருக்கிறதா? அதற்காகத்தான் பாதி விலங்குகளுக்கு ஒரு படத்தையும் மீதிப் பாதிக்கு மற்றதையும் சரியான விடையாக வைக்கிறார்கள். பசி இல்லையா, காலில் பலம் இல்லையா? அதற்காகத் தொடுவதற்கும் பரிசை எடுக்கப் போவதற்கும் ஆகும் நேரத்தைத் தனியாகக் குறிக்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பாடம் நன்றாக வந்த பிறகு, திடீரென்று விடையை மாற்றிவிடுவார்கள். நேற்று வரை சரியாக இருந்த படம் இன்று தவறு. சுண்டெலி பழைய படத்தையே பல நாள் தொட்டுக் கொண்டிருக்கும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓர் அப்டேட் வந்து, தினமும் அமுக்கும் பட்டன் இடம் மாறியதும் நாம் பழைய இடத்தையே கிளிக் செய்வோமே, அதேதான். நேற்றுப் படித்தது நன்றாகப் பதிந்ததால் வரும் தவறு இது. அவர்கள் அதை நாள் கணக்கில் பொறுத்திருந்து பார்க்கிறார்கள். நாங்கள் அப்டேட்டை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

என் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடைக்குப் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். அங்கே வேலை பார்த்த அக்கா, பில்லைச் சேமிப்பதற்குப் பதில் நீக்கிவிட்டதாக அடிக்கடி போன் வரும். ஒவ்வொரு முறையும் புகார்ப் பதிவில் "பயனர் தவறு" என்று எழுதி முடித்து வைத்தேன். ஒரு நாள் அவரே பேசினார். "எனக்கு இதெல்லாம் வராது தம்பி. வயசாயிடுச்சு" என்றார். "பழகப் பழகச் சரியாயிடும் அக்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சுண்டெலிப் பெட்டிகளைப் பற்றிப் படித்த அன்று அந்த ஸ்கிரீனைத் திறந்து பார்த்தேன். சேமி, நீக்கு இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒட்டி ஒட்டி இருந்தன. "நீக்கட்டுமா?" என்று ஒரு கேள்விகூட நான் வைக்கவில்லை. சுண்டெலிக்குக் கிடைக்கும் திருத்த வாய்ப்பு அந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன. பரிசில் ஆர்வம் வர வேண்டும் என்பதற்காக விலங்குகளுக்கு உணவைக் குறைத்து, எடையை வழக்கமான எடையில் ஏறத்தாழ 85 சதவீதத்தில் வைக்கிறார்கள். தண்ணீரில் தள்ளுவதைவிட இது மென்மையானது என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் பசி பசிதான். பயிற்சிக்கே வாரக் கணக்கில் நாள் பிடிக்கிறது. வாசனையாலும் மீசையாலும் உலகத்தை அறியும் விலங்கைக் கண் பரீட்சையில் அமர்த்துவது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் நடத்தினால் நியாயமாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். எது சரி, எது தவறு, எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று புரோகிராமில் எழுதி வைப்பது மனிதர்தான். கம்ப்யூட்டர் அந்த முடிவைத் தினமும் ஒரே மாதிரி நிறைவேற்றும். முடிவு தவறாக இருந்தால் தவறையும் தினமும் ஒரே மாதிரி நிறைவேற்றும். இதற்கு மருந்து, எல்லாவற்றையும் வெளியில் வைப்பது. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழுவினர் 2019-ல் மவுஸ்பைட்ஸ் என்ற திறந்த தகவல் தளத்தை அறிமுகப்படுத்தினார்கள். டச் ஸ்கிரீன் சோதனைகளின் விவரங்களை அதில் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். கம்ப்யூட்டரே எல்லாத் தொடுதலையும் குறித்து வைப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

உங்களுக்கு ஒரு வார்த்தை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு புதிய வேலை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். அது கைவந்த பிறகு அடுத்தது. ஒரே இடத்தில் மூன்று முறை தவறு செய்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல், அந்த இடத்தில் ஸ்கிரீன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எழுத்து சிறிதா? பட்டன்கள் நெருக்கமா? எழுத்தைப் பெரிதாக்கவும், மவுஸின் டபுள் கிளிக் வேகத்தைக் குறைக்கவும் உங்கள் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. அதிலும் சரியாகாவிட்டால் சாப்ட்வேர் கொடுத்தவரிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

அந்தக் கடைக்கான ஸ்கிரீனில் நீக்கு பட்டனை மூலைக்குத் தள்ளினேன். நிறத்தை மாற்றினேன். நீக்கியதைத் திரும்ப எடுக்க ஒரு வழியும் வைத்தேன். அரை நாள் வேலைகூட இல்லை. மறுநாள் அக்காவிடம் போனில் விவரம் சொன்னேன். ஒரு பில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே தம்பி" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.